சும்மா இருக்கும் போர்ட்டுக்கு ஒரு சுவிட்ச்

லேப்டாப்பில் எதுவுமே செருகாமல் கிடக்கும் யூஎஸ்பி ஓட்டை ஒன்று பேட்டரியைக் குடிக்கும் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். ஆனால் குடிக்கும். எல்லா லேப்டாப்பிலும் இல்லை, எல்லா ஓட்டையும் இல்லை. யூஎஸ்பி-சி போர்ட்டின் மேல் யூஎஸ்பி-ஏ அடாப்டர் ஒன்று நிரந்தரமாக உட்கார்ந்திருந்தால் அங்கே இது நடக்கும். என்னுடைய லேப்டாப் அந்த வகைதான். சும்மா இருக்கும்போதே அரை வாட் வரை அங்கே போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்த ஒரு சுவிட்சை சால்டர் செய்து வைத்த கதை இது.

நான் வைத்திருப்பது ஃப்ரேம்வொர்க் லேப்டாப், இன்டெலின் 12ஆம் தலைமுறை பிராசசர் கொண்டது. 2021இல் முதல் மாடல் வந்தபோது அமெரிக்காவிலும் கனடாவிலும்தான் முதலில் விற்றார்கள். டொராண்டோவில் இருக்கும் எனக்கு அது வசதியாகப் போயிற்று. இதைத் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம்: லேப்டாப்பின் இரு பக்கமும் இரண்டிரண்டாக நான்கு குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் இருப்பது யூஎஸ்பி-சி போர்ட்தான். அதில் தீப்பெட்டியைவிடச் சிறிய 'எக்ஸ்பான்ஷன் கார்டு' ஒன்றைத் தள்ளிவிடுகிறோம். எச்டிஎம்ஐ வேண்டுமா, எச்டிஎம்ஐ கார்டு. பழைய செவ்வக யூஎஸ்பி வேண்டுமா, யூஎஸ்பி-ஏ கார்டு. மெமரி கார்டு ரீடர், ஈதர்நெட் என்று பலவகை உண்டு. பிடிக்காவிட்டால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். லேப்டாப் என்பது வாங்கியவருக்குச் சொந்தமான, திறந்து பார்க்கக்கூடிய பொருளாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பேட்டரி விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். லினக்ஸ் ஓட்டுகிறேன். மூடி வைத்துப் பைக்குள் போட்ட லேப்டாப்பை மறுநாள் திறந்தால் சார்ஜ் அப்படியே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். 12ஆம் தலைமுறை வந்தபோது, மெமரியைத் தவிர ஏறக்குறைய எல்லாம் அணையும் பழைய 'எஸ்3' தூக்கம் போய்விட்டது. இப்போது இருப்பது 'எஸ்2ஐடில்' என்ற தூக்கம். இதில் மெஷின் முழுதாக அணைவதில்லை. ஒவ்வொரு பாகமும் தானாகவே ஆழ்ந்த ஓய்வுக்குப் போக வேண்டும். ஒரு பாகம் விழித்திருந்தால் அது நம்பியிருக்கும் மற்றவையும் விழித்தே இருக்கும். அதனால்தான் போர்ட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன கார்டு கூட இங்கே கணக்கில் வருகிறது.

அரை வாட் என்ன பெரிய விஷயம் என்று கேட்பார்கள். என் பேட்டரி 55 வாட் அவர். வேலை செய்யும்போது 5 வாட் இழுத்தால் 11 மணி நேரம் ஓடும்; 4.6 வாட் என்றால் 12 மணி நேரத்தைத் தொடும். ஒரு மணி நேரம் கிடைக்கிறது, சரி. உண்மையான வித்தியாசம் தூக்கத்தில்தான். தூக்கத்தில் 1 வாட் இழுத்தால் 55 மணி நேரத்தில் பேட்டரி காலி. அதையே 0.6 வாட்டுக்கு இறக்கினால் 90 மணி நேரம் தாண்டும். வெள்ளி மாலை மூடியதைத் திங்கள் காலை திறந்தால் முதல் கணக்கில் மெஷின் செத்துக் கிடக்கும். இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்கு சார்ஜ் மீதி இருக்கும்.

முதலில் செய்ய வேண்டியது அளப்பது. இதில் பொறுமை இல்லாதவர்கள் சால்டரிங் அயர்னைத் தொடவே வேண்டாம். சார்ஜரைக் கழற்றிவிட்டு, திரை வெளிச்சத்தை ஒரே அளவில் வைத்து, வைஃபையை அணைத்து, பிரவுசரை மூடி, மெஷின் அடங்கும்வரை சில நிமிடம் சும்மா விட வேண்டும். பின்னணியில் அப்டேட் ஏதும் ஓடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் காட்டும் பேட்டரி மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் சில விநாடிக்கு ஒரு முறை எடுத்துப் பெருக்கி, பத்து நிமிடச் சராசரி பார்ப்பேன். 'பவர்டாப்' மென்பொருளும் இதே கணக்கைக் காட்டும். ஆனால் ஒரு கணத்தில் அது காட்டும் எண்ணை நம்பி முடிவெடுக்கக் கூடாது. எண் குதித்துக்கொண்டே இருக்கும். தனித்தனி பாகத்துக்கு இவ்வளவு வாட் என்று அது போடும் பட்டியல் வெறும் மதிப்பீடு, அதை நான் பார்ப்பதே இல்லை.

ஒரே ஒரு தடவை கார்டோடும் ஒரே ஒரு தடவை கார்டு இல்லாமலும் அளந்தால் ஏமாந்துபோவோம். கார்டைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு, மறுபடி எடுத்து அளக்க வேண்டும். எண்ணும் அதற்கேற்ப ஏறி இறங்கினால்தான் அது கார்டின் வேலை. ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால் அது சூடு ஆறுவதாலோ வேறு எதனாலோ.

இந்த முறையில் ஒவ்வொரு கார்டாகப் பார்த்தேன். யூஎஸ்பி-சி கார்டு உள்ளே வெறும் நீட்டிப்புதான். கம்பிகளை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோவதைத் தவிர ஒன்றும் செய்யாது. அதைப் போட்டாலும் எடுத்தாலும் எண் அசையவில்லை. யூஎஸ்பி-ஏ கார்டைப் போட்டால், அதில் எதையும் செருகாமலேயே, கால் வாட்டுக்கும் அரை வாட்டுக்கும் இடையில் ஏறியது. எச்டிஎம்ஐ கார்டு அதைவிட அதிகம். பிராசசரின் நிலையைக் காட்டும் 'டர்போஸ்டாட்' மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் காரணத்தின் நிழல் தெரிந்தது: பிராசசர் பேக்கேஜ் ஆழமான 'சி' நிலைகளில், அதாவது ஓய்வு நிலைகளில், கழிக்கும் நேரத்தின் சதவீதம், கார்டு இருக்கும்போது குறைந்தது.

எச்டிஎம்ஐ கார்டு ஏன் இழுக்கிறது என்பது எளிது. லேப்டாப்பிலிருந்து வருவது டிஸ்ப்ளே போர்ட் சிக்னல். அதை எச்டிஎம்ஐயாக மாற்ற ஒரு சிப் கார்டுக்குள் இருக்கிறது, அதற்குச் சோறு போட வேண்டும். யூஎஸ்பி-ஏ கார்டில் அப்படி மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லையே, அது ஏன் இழுக்கிறது? இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

இதற்குப் பதில் யூஎஸ்பி-சி 2014இல் எப்படி வரையறுக்கப்பட்டது என்பதில் இருக்கிறது. பழைய யூஎஸ்பி-ஏ ஓட்டையில் கம்ப்யூட்டர் ஓடும்வரை 5 வோல்ட் எப்போதும் இருக்கும். யாராவது செருகுகிறார்களா இல்லையா என்ற கவலை அதற்கு இல்லை. யூஎஸ்பி-சி அப்படி இல்லை. எதிரே ஒரு கருவி இருக்கிறது என்று உறுதியாகும்வரை அது மின்சாரம் தராது. உறுதி செய்வதற்கென்றே 'சிசி' என்ற பின் இருக்கிறது. லேப்டாப் பக்கம் அந்தப் பின்னை மேலே இழுத்து வைத்திருக்கும். செருகப்படும் கருவியில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்று அதே பின்னைத் தரையோடு, அதாவது கிரவுண்டோடு, இணைக்கும். அப்போது பின்னில் ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தம் விழும். அதைப் பார்த்ததும் லேப்டாப் 5 வோல்ட்டைத் திறந்துவிடும்.

இப்போது யூஎஸ்பி-ஏ கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சி பிளக், மறுபக்கம் ஏ ஓட்டை. பென் டிரைவில் சிசி பின் கிடையாது, எனவே 'நான் வந்துவிட்டேன்' என்று அது சொல்ல முடியாது. அதனால் அந்த 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரை கார்டுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். விதிமுறையே அப்படித்தான் கேட்கிறது. விதிமுறைப்படி செய்த எல்லா சி-டு-ஏ அடாப்டரும் இப்படித்தான். விருந்தாளி வந்தாலும் வராவிட்டாலும் 'வந்திருக்கிறார்' என்று வாசலில் நின்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தால், வீட்டில் விளக்கை யார் அணைப்பார்கள்?

இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 3 ஆம்பியர் தரத் தயாராக இருக்கும் போர்ட் சிசி பின்னில் விடும் மின்னோட்டம் 330 மைக்ரோ ஆம்பியர். 5.1 கிலோ ஓமில் அது விழுந்தால் சுமார் 1.7 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் அரை மில்லிவாட் சொச்சம். அதாவது ரெசிஸ்டர் தின்பது ஒன்றுமே இல்லை. அது சொல்லும் செய்தியைக் கேட்டு 5 வோல்ட் சப்ளை எழுகிறது, போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் கன்ட்ரோலரும் சிக்னலைச் சீராக்கும் ரீடைமர் சிப்பும் தயார் நிலையில் நிற்கின்றன, அவற்றுக்காகப் பிராசசரின் ஒரு மூலையும் விழித்திருக்கிறது. செலவு அங்கேதான். அப்படியென்றால் அந்தச் செய்தியை நிறுத்த முடிந்தால் போதும். வேறு எதையும் தொட வேண்டியதில்லை. ரெசிஸ்டரின் வழியில் ஒரு சுவிட்ச். அவ்வளவுதான்.

கார்டைக் கழற்றி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதும். உண்மையைச் சொன்னால் பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் யோசனையும் அதுதான்: குழியில் யூஎஸ்பி-சி கார்டைப் போட்டு மூடிவிட்டு, யூஎஸ்பி-ஏ கார்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். காசும் இல்லை, ஆபத்தும் இல்லை. என் நிலைமை வேறு. பென் டிரைவ், பழைய ஆடியோ கருவி, சீரியல் கேபிள் என்று நாளுக்குப் பல முறை ஏ ஓட்டை எனக்கு வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் சில நிமிடம்தான். ஒவ்வொரு தடவையும் லேப்டாப்பைத் தூக்கி, அடியில் இருக்கும் பட்டனை அழுத்தி, கார்டை இழுத்து, இன்னொன்றைத் தேடிப் போடுவது சரிப்படவில்லை. அதோடு சி போர்ட் அடிக்கடி செருகிக் கழற்றித் தேயவும் வேண்டாம். வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவரை எப்போதும் செருகியே வைத்திருப்பவர்களுக்கு இந்த மாற்றத்தால் எந்தப் பயனும் இல்லை; அங்கே உண்மையிலேயே விருந்தாளி இருக்கிறார்.

கார்டைக் கழற்றி அளந்த எண்ணுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. சுவிட்ச் வைத்து அதிகபட்சம் மிச்சப்படுத்தக்கூடியது எவ்வளவு என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. கழற்றினாலும் உங்கள் மெஷினில் எண் இறங்கவில்லை என்றால், திறந்து சால்டர் வைத்து எந்தப் பலனும் இல்லை. எந்தக் குழியில் போடுகிறீர்கள் என்பதும் மெஷினைப் பொறுத்து மாறலாம். சில மாடல்களில் கீல் பக்கத்துக் குழிகளும் முன்பக்கத்துக் குழிகளும் வேறு வேறு சிப்களோடு இணைந்திருக்கும். முதலில் கார்டை இடம் மாற்றிப் பாருங்கள். அதிலேயே வேலை முடிந்தாலும் முடியும்.

கார்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகிக்க வேண்டிய தேவை இல்லாதது இந்த வேலையில் பெரிய நிம்மதி. எக்ஸ்பான்ஷன் கார்டுகளின் அளவுகளையும் மாதிரி வரைபடங்களையும் ஃப்ரேம்வொர்க் நிறுவனம் கிட்ஹப் என்ற பகிர்வுத் தளத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் சொந்தமாகக் கார்டு செய்யலாம் என்பதுதான் நோக்கம். மாற்றம் செய்ய நினைக்கும் நமக்கும் அது வரம். மற்ற கம்பெனிகளும் இப்படிச் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

எனக்கு சால்டரிங் தெரியும், ஆனால் இந்த அளவில் செய்ததில்லை. '0402' என்று சொல்லும் ரெசிஸ்டர் 1 மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம். மணல் துகள் மாதிரி இருக்கும், மூச்சு விட்டால் பறந்துவிடும். ஸ்கார்பரோவில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரைத் தெரியும். கடை மூடும் நேரத்தில் வரச் சொன்னார். அவருடைய மைக்ரோஸ்கோப்பின் கீழ்தான் வேலை நடந்தது.

கார்டின் மூடியை மெல்லிய பிளாஸ்டிக் நெம்பியால் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினால் கழன்றுவிடும். உலோக ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் விளிம்பு நசுங்கும், அப்புறம் குழிக்குள் சரியாகப் போகாது. உள்ளே ஒரு சின்ன போர்டு. சி பிளக்கிலிருந்து ஏ ஓட்டைக்கு ஜோடி ஜோடியாகத் தடங்கள் ஓடுகின்றன. அவை 10 கிகாபிட் வேகத்துக்கானவை. அந்தத் தடங்களின் பக்கம் நம் கம்பி எதுவும் போகக் கூடாது, அவற்றின் மேல் படுக்கவும் கூடாது.

ரெசிஸ்டரைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். சி பிளக்கில் 'ஏ5' பின்தான் சிசி. அதிலிருந்து கிரவுண்டுக்கு அளந்தால் 5.1 கிலோ ஓம் காட்டும். போர்டில் எந்த ரெசிஸ்டரின் ஒரு முனை ஏ5ஓடு நேராகத் தொடர்பில் இருக்கிறதோ அதுதான் நமக்கு வேண்டியது. கவனிக்க வேண்டிய ஒன்று: ஏ5க்குப் பக்கத்திலேயே இருக்கும் 'ஏ4' பின் 5 வோல்ட் வரும் பின். இரண்டுக்கும் நடுவே துளி சால்டர் பாலம் போட்டால் லேப்டாப்பின் போர்ட் கன்ட்ரோலருக்குள் 5 வோல்ட் பாயும். பிளக்கின் பின்களைத் தொட வேண்டிய தேவையே இந்த வேலையில் இல்லை, தொடாதீர்கள்.

இனி முக்கியமான முடிவு: ரெசிஸ்டரின் எந்தப் பக்கத்தில் சுவிட்சை வைப்பது? மின்சுற்றுப் பாடத்தின்படி இரண்டும் ஒன்றுதான். நடைமுறையில் ஒன்றல்ல. சிசி பக்கத்தில் வெட்டினால், கார்டுக்குள் சுற்றிவரும் நம் கம்பி நேராக சிசி பின்னோடு தொங்கும். அது எங்காவது 5 வோல்ட்டில் உரசினால் நேரடி அடி. கிரவுண்ட் பக்கத்தில் வெட்டினால், சிசி பின்னுக்கும் நம் கம்பிக்கும் நடுவில் 5.1 கிலோ ஓம் எப்போதும் காவலுக்கு நிற்கும். கம்பி கிரவுண்டில் உரசினால் சுவிட்ச் போட்ட மாதிரி ஆகும், அவ்வளவுதான். 5 வோல்ட்டில் உரசினாலும் போவது 1 மில்லி ஆம்பியருக்கு மேல் இல்லை. இதை நினைத்து கிரவுண்ட் பக்கத்தையே முடிவு செய்தேன்.

ஆனால் கிரவுண்ட் முனை போர்டின் பெரிய செப்புப் பரப்போடு ஒட்டியிருப்பதால் சூட்டை உறிஞ்சிவிடும். சால்டர் லேசில் உருகாது. நான் ரெசிஸ்டரையே கழற்றிவிட்டு வெளியே பெரிய ரெசிஸ்டர் வைக்கலாமா என்று யோசித்தேன். அண்ணை மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"கழட்டி எறிய வேண்டாம் தம்பி. ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி நிப்பாட்டும். மற்றப் பக்கம் அது தன்ரை இடத்திலையே பிடிச்சுக்கொண்டு நிக்கும்."

"கிரவுண்ட் பக்கம் சூடு ஏறுதில்லையே அண்ணை."

"ஃப்ளக்ஸ் நல்லாப் போடும். அயர்னை வைச்சு அமத்த வேண்டாம், அமத்தினா பேட் கழண்டிடும். உருகும் வரைக்கும் பொறும்."

போர்டுக்குச் சுற்றிலும் சூடு தாங்கும் காப்டன் டேப் ஒட்டி, சால்டர் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸைத் தாராளமாக விட்டு, அயர்னை 340 டிகிரி செல்சியஸில் வைத்தோம். கிரவுண்ட் முனையில் புதிதாகக் கொஞ்சம் சால்டர் சேர்த்தால் சூடு வேகமாக இறங்குகிறது. அது பளபளவென்று உருகிய கணத்தில் சிசி முனைக்கும் ஒரு தொடுகை கொடுத்து, ட்வீசரால் ரெசிஸ்டரை மெதுவாக நிமிர்த்தினோம். மைக்ரோஸ்கோப்பில் பார்க்க அழகாக இருந்தது: சிசி பேடின் (பாகம் ஒட்டும் செப்புத் திட்டின்) மேல் ரெசிஸ்டர் குட்டித் தூண் போலச் செங்குத்தாக நின்றது, அதன் கிரவுண்ட் முனை மேலே காற்றில். அந்த உச்சியில் எனாமல் பூசிய 0.1 மில்லிமீட்டர் செப்புக் கம்பி ஒன்றை வைத்தோம். காலியான கிரவுண்ட் பேடில் இன்னொன்று. எனாமலை அயர்னில் இருக்கும் சால்டர் துளியாலேயே முதலில் எரித்து, முனைக்கு ஈயம் பூசிக்கொள்ள வேண்டும். கத்தியால் சுரண்டினால் கம்பி அறுந்துவிடும்.

நின்ற ரெசிஸ்டரின் அடியில் யூவி பசை ஒரு சொட்டு விட்டு விளக்கைக் காட்டியதும் இறுகியது. இந்தப் பசையைத் தவிர்க்காதீர்கள். கார்டைக் கையில் எடுத்து மூடும்போது கம்பி இழுபட்டால், அந்தத் தூணை நிற்க வைத்திருப்பது ஒரு துளி சால்டர் மட்டும்தான். பேடோடு பிய்ந்து வரும்.

சுவிட்ச் விஷயத்தில் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பழைய எம்பி3 பிளேயரின் ஓரத்தில் இருக்குமே, அந்த மாதிரி பக்கவாட்டு நெம்பு உள்ள குட்டி ஸ்லைடு சுவிட்ச். கடையின் பழைய போர்டுக் குவியலிலிருந்து ஒன்று கிடைத்தது. கார்டின் முகப்பில் ஏ ஓட்டைக்கு இருபுறமும் சில மில்லிமீட்டர் வெற்றிடம் இருக்கிறது. அங்கே ஊசி அரத்தால் ஒரு சிறிய பள்ளம் ராவி, நெம்பு மட்டும் ஒரு மில்லிமீட்டர் வெளியே தெரியும்படி வைத்தேன். அதிகம் நீட்டினால் பைக்குள் உரசித் தானாக நகர்ந்துவிடும். சுவிட்சின் உலோக உடம்பை கிரவுண்டோடு மட்டும் சேர்த்து, அடியில் காப்டன் டேப் போட்டேன். சுவிட்ச் தட்டும்போது வரும் சின்னச் சின்ன அதிர்வுகளுக்கு மின்தேக்கி வைக்க வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். யூஎஸ்பி-சி போர்ட் 100 முதல் 200 மில்லி விநாடி வரை சிசி நிலையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முடிவுக்கு வரும். சுவிட்ச் அதற்குள் அடங்கிவிடும்.

சால்டர் ஆறியதும் நேரே லேப்டாப்பில் செருகத் தோன்றும். கூடாது. முதலில் மல்டிமீட்டர். சுவிட்ச் போட்டால் சிசிக்கும் கிரவுண்டுக்கும் 5.1 கிலோ ஓம். அணைத்தால் திறந்த சுற்று. சிசிக்கும் 5 வோல்ட் பின்னுக்கும் எந்த நிலையிலும் தொடர்பு இருக்கக் கூடாது. 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் ஷார்ட் இருக்கக் கூடாது. இதெல்லாம் சரியாக இருந்தால் அடுத்து, போர்டை மூடிக்குள் போடாமல் வெறுமனே, யூஎஸ்பி-சி ஓட்டை உள்ள ஒரு மலிவான போன் சார்ஜரில் செருகிப் பார்க்க வேண்டும். சார்ஜரும் இதே சிசி விதியின்படிதான் நடக்கும். பேச்சுவார்த்தை எதுவும் இல்லாத கருவிக்கு அது 5 வோல்ட்டுக்கு மேல் தராது. சுவிட்ச் போட்டால் ஏ ஓட்டையின் இரண்டு ஓரப் பின்களுக்கு இடையில் 5 வோல்ட் வரும். அணைத்தால் ஒரு விநாடிக்குள் இறங்கிவிடும். அப்படியே நடந்தது. ஏதாவது எரிவதாக இருந்தால் சார்ஜரோடு போகட்டும், லேப்டாப் போர்டு பிழைக்கும்.

லேப்டாப்பில் போட்டுப் பார்த்ததும் எதிர்பார்த்த மாதிரியே இருந்தது. சுவிட்ச் அணைந்த நிலையில் பத்து நிமிடச் சராசரி, குழி காலியாக இருந்தபோது வந்த எண்ணோடு ஒட்டிப்போனது. அளவின் தடுமாற்றத்துக்குள் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சுவிட்ச் போட்டால் பழைய ஏற்றம் திரும்பி வந்தது. பிராசசரின் மிக ஆழமான ஓய்வான சி10 நிலையின் சதவீதமும் கூடவே ஏறி இறங்கியது. இரவு முழுக்க மூடி வைத்து, காலையில் பேட்டரி சார்ஜ் எவ்வளவு குறைந்தது என்று கணக்கிட்டேன். தூக்கத்திலும் அதே மிச்சம் கிடைத்தது. வேகமான எஸ்எஸ்டி ஒன்றைச் செருகி முழு வேகத்தில் பெரிய கோப்புகளைப் பிரதி எடுத்தும் பார்த்தேன். வேகம் குறையவில்லை, கெர்னல் பதிவில் பிழை எதுவும் இல்லை. தடங்களுக்குப் பக்கத்தில் கம்பி போயிருந்தால் தெரிவது இங்கேதான், அதனால் இந்தச் சோதனையையும் செய்துவிடுங்கள்.

பயன்படுத்தும்போது ஒரு ஒழுங்கு வேண்டும். சுவிட்சை அணைப்பது என்றால் பென் டிரைவைப் பிடுங்குவதற்குச் சமம். எழுதிக்கொண்டிருக்கும்போது அணைத்தால் கோப்பு போகும். முதலில் அன்மவுண்ட், அதாவது டிரைவை முறையாக விடுவிப்பது, பிறகு சுவிட்ச். வீட்டில் வேறு யாராவது அந்த லேப்டாப்பைத் தொடுவார்கள் என்றால் சுவிட்ச் என்ன செய்யும் என்று சொல்லி வைப்பது நல்லது; இல்லாவிட்டால் 'யூஎஸ்பி வேலை செய்யவில்லை' என்று கிளம்பிவிடுவார்கள். மாற்றம் செய்த கார்டுக்கு வாரன்டி எதிர்பார்க்க முடியாது என்பதைத் தெரிந்தே இறங்க வேண்டும். நல்லவேளையாக இங்கே ஆபத்தில் இருப்பது மலிவான ஒரு கார்டு, மதர்போர்டு இல்லை. இதே வேலையை லேப்டாப்புக்குள் நிரந்தரமாக இருக்கும் போர்ட்டில் யாராவது செய்யச் சொன்னால் நான் மாட்டேன்.

எச்டிஎம்ஐ கார்டுக்கும் இதே போல வைக்கலாமே என்று அண்ணை கேட்டார். அது வேறு ரகம். அங்கே ரெசிஸ்டர் மட்டும் இல்லை; கார்டுக்குள் இருக்கும் சிப் சிசி வழியாக லேப்டாப்போடு பேசி, டிஸ்ப்ளே சிக்னலைக் கேட்டு வாங்குகிறது. அந்தப் பேச்சின் நடுவில் சுவிட்ச் வைப்பதற்கு முன்னால் வரைபடத்தை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். டிஸ்ப்ளே போர்ட் கார்டு வைத்திருப்பவர்கள் அயர்னை எடுப்பதற்கு முன்னால் ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸில் 'எஃப்டபிள்யூஅப்டி' வழியாகவே அந்தக் கார்டுகளின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கலாம். சும்மா இருக்கும்போது மின்செலவைக் குறைக்கும் மாற்றம் அப்படி ஒரு அப்டேட்டில் வந்திருக்கிறது. என் எச்டிஎம்ஐ கார்டு இப்போதைக்கு மேசை டிராயரில் இருக்கிறது. கூட்டங்களுக்குப் போகும்போது மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.